முளையில் கட்டிய கட்லா

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி காவ்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மீன் வளர்ப்புத் துறையில் இப்போது அவள் இளநிலை அதிகாரி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பிள்ளை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க காலத்துல மீன் தலைய உடைச்சு, உள்ள இருக்கிற சுரப்பிய எடுத்து, அத ஊசியாப் போட்டு முட்டை விட வைப்பீங்களாமே. நம்ம பேட்ச்ல யாருக்குமே கொத்தில்ல, தெரியாது. ஒரு நாள் வந்து தலைய வெட்டிக் காமிங்க, ப்ளீஸ். மீனு நான் வாங்கி வெச்சுடறேன்."

இப்போது அந்த மருந்து குப்பியிலேயே வந்துவிடுகிறது. மூடியைத் திறந்தோமா, ஊசியில் ஏற்றினோமா, முடிந்தது. நல்லதுதான், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். முட்டி வலி என்று காரணம் சொன்னேன். முட்டி வலிப்பது உண்மைதான், காரணம் அதுவல்ல. மீன் தலையை முன்னால் வைத்துக்கொண்டு நாலு பேருக்குப் பாடம் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை எழுதித் தருகிறேன் என்றேன்.

"தமிழ்லயா? எனக்குப் படிக்க வராதே ஆன்ட்டி" என்று சிரித்தாள். யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அக்கா நர்ஸ், அண்ணன் கணக்கு வாத்தியார். மைசூரில் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த இரண்டு வேலையில் ஒன்று என்று பிறக்கும்போதே எழுதிவைத்த மாதிரி இருக்கும். நான் மட்டும் மீனுக்கு நர்ஸ் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளத்தில் இறங்கினேன், வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். வீட்டுக்கு வந்தால் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு சோப்பை நீட்டுவாள். பிறகு ராமாபுரத்துக்கு அப்பால் இருந்த ஒரு சின்ன மீன் பண்ணைக்கு உதவியாளராகப் போட்டார்கள். அங்கேதான் சம்பத் சார்.

சம்பத் சார் மேலுகோட்டை ஐயங்கார். நெற்றியில் சன்னமாக ஒரு கோடு, தோளில் எப்போதும் வெள்ளை அங்கவஸ்திரம். முட்டைகூடத் தொடாத வீட்டில் பிறந்து மீன் பண்ணைக்கு அதிகாரியாக வந்தவர். அவர் தலை மறைந்ததும், "பூனைக்கு விரதம், மீனுக்குக் காவல்" என்று நாங்கள் கேலி பேசுவோம். ஆனால் மீனை அவர் தொடுகிற விதத்தைப் பார்த்தால் கேலி நாக்கிலேயே நின்றுவிடும். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், பிறகு மோதிரம். செதில் ஒன்று உரசினாலும் அங்கே புண் வரும் என்பார். என்னுடைய வளையல்களையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்வார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி, அத்தனை வருஷமும் மாறாத கேள்வி.

"கையை நனைச்சுண்டேளா ஸ்டெல்லா? உலர்ந்த கை அவளுக்கு நெருப்பு மாதிரி."

தாய்மீன் எல்லாம் அவருக்கு 'அவள்'தான். ஈரத் துணியை அவள் கண்ணின்மேல் போட்டால் துள்ளல் அடங்கிவிடும் என்று காட்டிக்கொடுத்தவர் அவர். ஆணா பெண்ணா என்று பார்க்கப் பக்கத் துடுப்பைத் தடவ வேண்டும். ஆண் என்றால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், பெண் என்றால் வழவழப்பாக இருக்கும். வயிறு தளர்ந்து, அடிப்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சினை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

கட்லா பிடிவாதக்கார மீன். குளத்தில் வளர்வாள், கொழுப்பாள், முட்டை மட்டும் தானாக விடமாட்டாள். அவளுக்கு மூளைக்கு அடியில், மிளகு அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. செத்த மீனின் தலையிலிருந்து அதைப் பதமாக எடுத்து, அரைத்து, வடிகட்டி, உயிரோடு இருக்கும் தாய்மீனுக்குச் சாயங்காலம் ஊசியாகப் போட்டால் விடியற்காலையில் முட்டையிடுவாள். அந்தச் சுரப்பியைச் சேகரிப்பது என் வேலை. தலையின் மேலோட்டைச் சீவி, மூளையை மெல்ல ஒதுக்கினால் சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். உடையாமல் எடுத்து ஸ்பிரிட் புட்டியில் போட வேண்டும். அந்தப் புட்டி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நேரே அடுப்படிக்குப் போய், "மீன் தலை வெந்துவிட்டதா?" என்று கேட்பேன். என் மாமியார் இதற்காகவே என்னை எங்கேயும் அழைத்துப் போகமாட்டார்.

இனி, பெரிய மீன் பிடிக்கிற கதைக்கு வருகிறேன்.

பண்ணையில் வளர்ந்த கட்லாக்கள் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தன. நல்ல தாய் வேண்டுமென்றால் அணைத் தண்ணீரில்தான் பிடிக்க வேண்டும். மாநில எல்லையில், பாலாறு வந்து சேருகிற இடத்தில் அணையின் பின்தண்ணீர் காட்டுக்குள் ஒரு கை மாதிரி நீண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் கரை, நடுவே ஆழம். ஆனி, ஆடியில் புதுத் தண்ணீர் இறங்கியதும் பெரிய மீன்கள் அந்த வாயில் வந்து கூடும். அங்கே எங்கள் பரிசல்காரர் மாதையன். கரையிலேயே அவருடைய குடிசை. மனைவி ரங்கம்மா.

பரிசலுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. பெரிய மீனை அதிலிருந்து இழுத்தால் மீன் வராது, பரிசல்தான் வட்டம் போடும். விளிம்புக்கு மேல் தூக்கலாம் என்று நினைத்தால் எல்லாரும் தண்ணீருக்குள். அதனால் நாங்கள் மீனைத் தூக்கவே மாட்டோம். வலையில் மிதவை அமுங்கியதும் மாதையன் துடுப்பைச் சத்தமில்லாமல் போட்டு அருகே கொண்டுபோவார். நான் கவிழ்ந்து படுத்து, மீனுக்கு அடியில் துணித் தொட்டிலைச் செருகுவேன். பிறகு அவர் கத்தியை எடுத்து வலையை அறுப்பார். மீனை உருவக் கூடாது, வலையைத்தான் அறுக்க வேண்டும். தொட்டிலைத் தண்ணீரிலேயே வைத்து, பரிசலோடு கரைவரை கூட்டிக்கொண்டு வருவோம். கரையோரம் நட்ட கம்புகளில் ஒரு துணிக்கூண்டு இருக்கும். அதில் ஒரு நாள் இளைப்பாறிய பிறகுதான் பண்ணைக்குப் பயணம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, எல்லாப் பரிசல்காரர்களுக்கும் பொது. துணிக்கூண்டில் இருப்பது பண்ணை மீன், அதை யாரும் தொடமாட்டார்கள். தண்ணீரில் அடித்த முளையில் கயிறு கட்டி விட்டிருப்பது சமையலுக்கும் விற்பனைக்கும் உள்ள மீன். முளை யார் கரையில் இருக்கிறதோ, மீன் அந்த வீட்டுடையது. இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. முளையில் மீன் இருந்தால் அந்த வீட்டுப் பெண் அரிவாள்மனையை எடுப்பாள்.

அந்த வருஷம் சம்பத் சார் ஓய்வு பெறும் வருஷம். மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஒரு சேதி வந்திருந்தது. இந்த மழைக்குக் கட்லாக் குஞ்சு பொரிக்காவிட்டால் குஞ்சு பொரிக்கும் பிரிவை மூடிவிட்டு, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. சார் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் வானத்தை மட்டும் பார்ப்பார். எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒரே ஒரு நல்ல தாய் கிடைத்தால் போதும்.

கிடைத்தாள். முந்தின நாள் ராத்திரி மழை பெய்து, காலையில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. மிதவை அமுங்கியதைப் பார்த்து மாதையன் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"அம்மிணி, இது மீனில்லீங்க. இது ஆருடைய ஊட்டு எருமையோ."

அவ்வளவு பெரியவள். தொட்டிலில் வால் அடங்கவில்லை. துடுப்பைத் தடவினேன், வெண்ணெய் மாதிரி இருந்தது. வயிற்றில் கை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முட்டை முற்றி, இன்றோ நாளையோ என்று இருந்தாள்.

கரைக்கு வந்து பார்த்தால் துணிக்கூண்டை நீர்நாய் கிழித்துப் போட்டிருந்தது. அந்த நேரம் சார் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தண்ணீருக்குள் இருந்தவளைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், வேட்டியோடு முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கூண்டு இல்லைன்னா என்ன? கயிறு வேண்டாம், அறுக்கும். இதை வெச்சுக் கட்டலாம்" என்று தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, வாலின் அடியில் பூப்போல முடிச்சுப் போட்டு, நிழல் விழுந்த இடமாகப் பார்த்து மாதையன் வீட்டு முளையில் கட்டினார். அவள் மெதுவாகச் செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தாள்.

புதுக் கூண்டு பண்ணையில் இருந்தது. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று நானும் சாருடன் ஜீப்பில் ஏறினேன். மாதையன், "அந்தப் பக்கத்து வலையைப் பார்த்துப்போட்டு வந்துர்றனுங்க" என்று பரிசலைத் தள்ளினார். ரங்கம்மா அப்போது குடிசையில் இல்லை, மசாலா சாமான் வாங்கப் பாலாறு செக்போஸ்ட் கடைக்குப் போயிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாருக்கு வழியனுப்பு விருந்து. சாருக்குப் பாயசம், எனக்கு மீன். விருந்துக்கு ஒரு பெரிய மீனாகப் பார்த்து முளையில் கட்டி வைக்கிறேன் என்று மாதையன் மனைவியிடம் முந்தின நாளே சொல்லியிருந்திருக்கிறார். அந்த மீனைத் தேடித்தான், அவள் கடையிலிருந்து திரும்புவதற்குள் வந்துவிடலாம் என்று, அவர் அக்கரை வலைக்குப் போனார். இது எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் கூண்டோடு திரும்பியபோது உச்சி வெயில். உடனே இறங்கிப் பார்க்கப் போனேன். சார் தடுத்தார்.

"இந்த வெயில்ல அவளைக் கலைக்க வேண்டாம். சாயங்காலம் குளிர்ந்தப்புறம் கூண்டுக்கு மாத்தலாம். நீங்கோ விடிகாலைலேர்ந்து பட்டினி, போய்ச் சாப்பிடுங்கோ." அவர் புங்க மரத்தடியில் தன் டிபன் கேரியரைத் திறந்தார். தயிர்சாதம்.

ரங்கம்மா எனக்கு இலை போட்டிருந்தாள். சோறு, குழம்பு, நடுவில் ஒரு பெரிய மீன் தலை. நான் பழக்கதோஷத்தில் கைப்பையைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் புட்டியை எடுக்காதீங்க அம்மிணி. அது வெந்துபோச்சு. எப்பப் பாரு, தலையை ஒடைச்சு ஒடைச்சு எடுத்துட்டுப் போயிர்றீங்க. ஒரு நாளாவது நீங்க தின்னிருக்கீங்களா? இன்னைக்கு உங்களுக்குன்னு வெச்சிருக்கறன், தின்னுங்க."

பரிசல்காரர் வீடுகளில் தலை எப்போதும் ஆண்களுக்குத்தான், அதுவும் வீட்டின் மூத்த ஆளுக்கு. அத்தனை வருஷம் அந்தக் கரையில் சேலையைச் செருகிக்கொண்டு அலைந்ததற்கு அவள் கொடுத்த மரியாதை அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சப்புக்கொட்டித் தின்றேன். கன்னத்துச் சதையைத் தோண்டினேன், எலும்பை உறிஞ்சினேன். மறைக்காமல் சொல்கிறேன், என் ஆயுளில் அப்படி ஒரு மீனை நான் தின்றதில்லை. மாதையன் நல்ல மீனாகத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறார் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சார் கை கழுவ எழுந்து வந்தார். வேலியில் அவருடைய அங்கவஸ்திரம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரங்கம்மா முந்திக்கொண்டாள். "ஏனுங்க சார், அவரு கேட்டாருன்னு மீன் கட்டறதுக்கு இத்தன நல்ல துண்டைக் குடுப்பீங்களா? சோப்புப் போட்டு அலசிப் போட்டிருக்கறனுங்க. வாடையே இல்ல, மோந்து பாருங்க."

எனக்கு உடனே புரியவில்லை. என் வாயில் எலும்பு இருந்தது. சார் முளையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு என் இலையைப் பார்த்தார். என் பக்கமாகக் குனிந்து, ரங்கம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஸ்டெல்லா, தலை? தலையாவது மிச்சம் இருக்கா?"

போனவளின் சுரப்பியாவது மிஞ்சியிருந்தால் இன்னொருத்திக்கு உதவும் என்று அந்த நிலையிலும் அவர் மனம் கணக்குப் போட்டிருக்கிறது. வெந்த தலையில் சுரப்பி உதவாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டார். உறிஞ்சிப் போட்ட மண்டை ஓடு இலை ஓரத்தில் கிடந்தது. அதை மறைக்க இலையை மடிக்கப் போனேன். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்பார்களே, அது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"என்னுங்க அம்மிணி, கையை எடுத்துட்டீங்க? நல்லால்லீங்களா?" என்று ரங்கம்மா கேட்டாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

சார் நிமிர்ந்தார். அவருடைய வழக்கமான குரலிலேயே சொன்னார். "நன்னா இருக்குன்னுதான் சொல்லிண்டிருக்கா. கூச்சப்படறா. இன்னும் கொஞ்சம் போடுங்கோ ரங்கம்மா."

ரங்கம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடினாள். "கடைசியில தரலாம்னு தனியா வறுத்து வெச்சிருந்தனுங்க" என்று ஒரு தட்டை எடுத்து வந்தாள். சினை. தட்டு நிறைய, மஞ்சளாக, மொறுமொறுவென்று.

ராமாபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கெல்லாம் போக வேண்டிய குஞ்சுகள் அவை. சார் ஒரு நொடி அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், சாப்பிடு என்பதுபோல. அப்புறம் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சாப்பிட்டேன். ரங்கம்மா எதிரில் உட்கார்ந்து நான் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் தின்ற தலைக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்தே தின்றேனே, அந்தச் சினை தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு வாயும் எனக்கு நினைவிருக்கிறது.

மாதையன் கையில் ஒரு ரோகு மீனோடு வந்து இறங்கினார். முளையைப் பார்த்ததும், நாங்கள் அவளைக் கூண்டுக்கு மாற்றிவிட்டோம் என்று நினைத்துச் சிரித்தார். சார் அவர் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். சொன்னதும் மாதையன் ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளை என்ன பண்றனு பாருங்க சாருங்கோ" என்று எழுந்தவரைச் சார் பிடித்து நிறுத்தினார்.

"அந்தம்மா என்ன தப்புப் பண்ணினா? முளையில இருந்ததை அறுத்தா. முளையில கட்டினது யாரு? நான். பதினஞ்சு வருஷமா இந்தக் கரைக்கு வரேன், முளைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? சந்தோஷத்துல மறந்துட்டேன். அவ்வளவுதான். சாதம் போட்ட கைக்குத் துக்கம் குடுக்கப்படாது. இது அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

பிறகு குடிசைக்குத் திரும்பி வந்து, ரங்கம்மா வைத்த பாயசத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

அந்த மழைக்காலம் முழுவதும் வலை போட்டோம். ஆண்கள் வந்தன, சினை இல்லாதவை வந்தன. அவளைப் போல் ஒருத்தியும் வரவில்லை. சார் ஓய்வு பெற்ற கூட்டத்தில், "இந்த வருஷம் கட்லா சரியா அமையலை" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அத்தனை பேர் நடுவில் நான் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிவை மூடினார்கள். என்னை மைசூர் ஆபீசுக்கு மாற்றினார்கள். விருப்ப மனு கொடுத்திருந்தால் வேறு பண்ணை கிடைத்திருக்கும். கேட்கவில்லை. அந்தப் புட்டியைக் கழுவிக் கடுகு போட்டு வைத்தேன். மீதி வருஷங்களை மேசைக்குப் பின்னால் கழித்தேன்.

சாரும் மைசூரில்தான் இருக்கிறார். காலை நடையில் எப்போதாவது எதிர்ப்படுவார். உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், "அந்தம்மாவுக்குத் தெரியாதே?" என்று கேட்பார். தெரியாது சார் என்பேன். நல்லது என்று நடையைத் தொடர்வார். மாதையன் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவரும் சொல்லவில்லை.

ரங்கம்மா கண் ஆபரேஷனுக்காக மைசூருக்கு வந்து, இப்போது ஒரு வாரமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கட்டுப் பிரித்த மறுநாளே என் சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று மீன் வாங்கி வரச் சொல்லி, குழம்பு வைத்து, என் தட்டில் தலையை வைத்தாள். எங்கே பார்த்தாலும் இதுதான், எந்த விருந்தானாலும் எனக்குத் தலை. தின்றேன்.

"அன்னைக்கு மாதிரி இருக்குதுங்களா?" என்றாள்.

"அன்னைக்கு மாதிரி வராது ரங்கம்மா" என்றேன். நான் அவளிடம் சொல்கிற ஒரே உண்மை இதுதான். அதில் அவளுக்கு எத்தனை சந்தோஷம்.

சாப்பிட்டபின் நான் இதை எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புதுக் கண்ணால் என் எழுத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. பேரப்பிள்ளைகள் கன்னடம்தான் படிக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் இத்தனையும் எழுதினேன், அதற்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"என்னுங்க எழுதறீங்க?"

"மீன் பிடிச்ச கதை. நம்ம பாலாத்துக் கரையில."

"அப்ப என்னையும் எழுதுங்க. சாருக்கு வழியனுப்பு வெச்ச அன்னைக்கு நான் ஆக்குன குழம்பைப் பத்தி எழுதுங்க."

"எழுதிட்டேன் ரங்கம்மா."

"என்னன்னு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு."